கெட்டிமேளம் கொட்டும்போது கேமரா எங்கே பார்க்கும்?

19 ஜனவரி, இரவு 9.12 (கேள்வி, தேவகோட்டையிலிருந்து)

தங்கச்சி கல்யாணம் மாசியில், எங்கள் ஊர் வீட்டிலேயே. வெளியூர் பார்ட்டி ஒன்று, ஏஐ கேமரா மூன்று கொண்டுவந்து வைக்கிறோம், கேமராமேனும் வேண்டாம், எந்தக் கேமராப் படம் லைவில் போக வேண்டும் என்று மாற்றிவிடும் மிக்சிங் ஆளும் வேண்டாம், அதுவே ஆளைப் பார்த்து அதுவே கட் பண்ணி யூடியூபில் லைவ் போட்டுவிடும் என்கிறார்கள். காரைக்குடி ஆட்கள் கேட்கும் தொகையில் பாதிகூட இல்லை. சிங்கப்பூர், பினாங்கு சொந்தமெல்லாம் லைவில்தான் பார்க்கப் போகிறது. நம்பிக் கொடுக்கலாமா? இனி மிக்சிங் ஆளே தேவைப்படாது என்று என் மச்சினன் அடித்துச் சொல்கிறான். தொழிலில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

19 ஜனவரி, இரவு 10.50

கொடுக்காதீர்கள். விவரம் நாளைக்கு எழுதுகிறேன், இப்போது மண்டபத்தில் வயர் சுருட்டிக்கொண்டிருக்கிறேன்.

20 ஜனவரி, காலை 7.30

காரைக்குடியில் லைவ் மிக்சிங் பண்ணுகிறவன் நான். கல்யாணம், அறுபது நிறைந்தவர்களுக்குப் பண்ணும் சாந்திக் கலியாணம், கும்பாபிஷேகம், பட்டிமன்றம் எல்லாவற்றுக்கும் போவேன். ஏஐ கேமராவைத் தூர நின்று திட்டுகிற ஆள் இல்லை. வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்தவன்.

போன ஆவணியில் கானாடுகாத்தான் பக்கம் ஒரு சாந்திக் கலியாணம். பழைய வீடு. முகப்பைத் தாண்டினால் வளவு என்கிற நடுமுற்றம், வளவில் வெயில் கொட்டுகிறது, தூண் வரிசைக்குப் பின்னால் கும்மிருட்டு. அங்கே இரண்டு கேமராவில் நம் பையன்கள். மூன்றாவதாக, தானே திரும்பி, ஜூம் பண்ணி, ஆளைப் பின்தொடரும் பி.டி.இசட் கேமரா ஒன்றை வாடகைக்கு எடுத்து ஸ்டாண்டில் வைத்தேன். அதன் வேலை இவ்வளவுதான்: முகத்தைத் தேடும், கிடைத்த முகத்தைப் படத்தின் நடுவில் வைக்கும், முகம் நகர்ந்தால் கூடவே திரும்பும்.

ஐயாவும் ஆச்சியும் மணையில் உட்கார்ந்தார்கள். கலசத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்கள். தலையில் தண்ணீர் விழுந்தால் யாராக இருந்தாலும் குனிவார்கள், கண்ணை மூடுவார்கள். ஊற்றுகிறவர்களின் கை வேறு குறுக்கே. கேமராவுக்கு முகம் காணாமல் போய்விட்டது. மெதுவாக மேலே ஏறியது. பின்சுவரில் வரிசையாக மாட்டியிருந்த படங்களில் ஒன்று, பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன பெரிய ஐயாவின் படம். நேர்ப் பார்வை, அசையாத முகம், சட்டத்தைச் சுற்றி சீரியல் லைட். இதைவிட நல்ல முகம் அந்தக் கேமராவுக்கு ஜென்மத்தில் கிடைக்காது. பிடித்துக்கொண்டது. ஜூம் பண்ணியது. அடுத்த கலசம் வந்தது, அதற்கடுத்த கலசம் வந்தது, பெரிய ஐயாவை விட்டு அசையவில்லை.

நம் பையன்கள் கேமராவுக்கு உடனே கட் பண்ணினேன். அதற்குள் ஈப்போவிலிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டார்கள்.

“ஏன் தம்பி, பெரிய ஐயா படத்தையே காட்டுறீகளே, அவுகளுக்கு இன்னைக்கு என்ன விசேஷம்?”

இங்கே உட்கார்ந்திருந்த ஒரு ஆச்சி முந்திக்கொண்டு பதில் சொன்னார்: “பேரன் சாந்திக்கு அவுகளே வந்து முன்னால உக்காந்துட்டாக, இருக்கட்டும் விடு.” வீடே சிரித்தது.

இது நம் ஊர் வீட்டுக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை. 2018 நவம்பரில் சீனாவில் நிங்போ நகரம். சிக்னலை மதிக்காமல் ரோட்டைக் கடப்பவர்களின் முகத்தைப் பிடித்துத் தெருவோரப் பெரிய திரையில் போட்டுக் காட்டும் ஏற்பாடு அங்கே உண்டு. ஓடுகிற பஸ்ஸின் பக்கவாட்டு விளம்பரத்தில் டாங் மிங்ஜூ என்ற பிரபலப் பெண் தொழிலதிபரின் முகம் இருந்தது. அந்த முகத்தைப் பிடித்து, அந்த அம்மாவே சிக்னலை மீறிக் கடந்ததாகத் திரையில் போட்டுவிட்டது. படத்தில் இருக்கும் முகம், ஆளிடம் இருக்கும் முகம், இரண்டும் கணக்குக்கு ஒன்றுதான். செட்டிநாட்டு வீட்டில் சுவர் முழுக்க முன்னோர் படம். தேவகோட்டைக்காரர் தன் வீட்டுப் பட்டாலையை, அதாவது கூடத்தை, ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கட்டும்.

22 ஜனவரி, இரவு 11.05

“முகத்தை விடுங்கள், சத்தத்தை வைத்து மாறும் சாப்ட்வேர் இருக்கிறதே, எந்த மைக்கில் சத்தமோ அந்தக் கேமராவுக்குப் போய்விடும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இருக்கிறது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் பேட்டிக்கு அருமையாக வேலை செய்யும். நம் கல்யாணத்தில் பெரிய சத்தம் யாருடையது? தவிலுடையது.

லைவுக்கு அனுப்பாமல், தனி லேப்டாப்பில் ஒரு முகூர்த்தம் முழுக்க இதை ஓடவிட்டேன். தவில், தவில், நாதஸ்வரம், மறுபடி தவில். மேளம் ஓய்ந்த இடத்தில் ஐயர் மந்திரம். மாப்பிள்ளை, பொண்ணு ஒரே ஒரு தடவை வந்தார்கள், பக்கத்தில் ஒரு கைக்குழந்தை வீறிட்டதால். கெட்டிமேளம் வந்ததும் லேப்டாப் நூறு சதவீத நம்பிக்கையோடு தவிலுக்குப் போய், கூடு மாட்டிய வலது கை விரல்களை குளோசப்பில் காட்டியது. தாலி கட்டி, முடிச்சுப் போட்டு, அட்சதை தலையில் விழுந்து, கூட்டம் கலையும்வரை தவில்தான்.

சாப்பாட்டுக்கு முன்னால் அந்தப் பதிவைத் தவில் வித்வானிடம் காட்டினேன். முழுசாகப் பார்த்தார். “தம்பி, இத அப்படியே பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க. இத்தனை வருஷமா வாசிக்கிறேன், என்னைய யாரும் இப்படி எடுத்ததே இல்ல.” போட்டுக் கொடுத்தேன். அவர் வாசிப்புக்கு அது நல்ல படம், அதில் சந்தேகமே இல்லை. கல்யாணப் படம் அது இல்லை.

மிக்சிங் ஆள் அந்த நேரத்தில் எப்படித் தாலியில் இருக்கிறான் என்று யோசித்துப் பாருங்கள். ஐயர் நிமிர்ந்து மேளக்காரர்களைப் பார்த்துக் கையை உயர்த்துவார். அந்தக் கை உயர்ந்தால்தான் கெட்டிமேளம். கை பாதி உயரும்போதே நான் பையன்கள் காதுக்குப் போகும் டாக்பேக் மைக்கில் “ரெண்டு, டைட் போ” என்று சொல்லிவிடுவேன், இரண்டாம் கேமரா நெருக்கமாகப் போ என்று அர்த்தம். சத்தம் வரும்போது படம் ஏற்கெனவே அங்கே இருக்கும். சத்தம் வந்த பிறகு கிளம்புகிறவன் தாலி கட்டின பிறகுதான் போய்ச் சேருவான்.

23 ஜனவரி, மதியம் 2.15

மச்சினனே நேரில் வந்துவிட்டார், நல்லது. “விளையாட்டில் எல்லாம் ஏஐதான், நீங்கள் பழைய காலத்தில் இருக்கிறீர்கள்” என்கிறார்.

விளையாட்டில் நன்றாகவே வேலை செய்கிறது, மறுக்கவில்லை. 2017 விம்பிள்டன் டென்னிஸில் ஐபிஎம் கம்பெனியின் வாட்சன் என்ற ஏஐ, கூட்டத்தின் ஆரவாரம், வீரர்கள் கையை மடக்கி உயர்த்திக் கொண்டாடுவது, ஆட்டப் புள்ளிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து ஹைலைட்ஸ் பொறுக்கிக் கொடுத்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்த வேலை. நாள் முழுக்க ஓடின பதிவை ஒரு மனிதன் உட்கார்ந்து பார்த்துப் பொறுக்குவது கண்ணைக் கெடுக்கும் வேலை. ஆனால் அது ஆட்டம் நடந்து முடிந்த இடத்தைத் திரும்பிப் பார்த்துப் பொறுக்குவது. லைவ் வேறு.

லைவுக்கு மச்சினன் இன்வெர்னஸ் கதையைத் தேடிப் படிக்கட்டும். ராத்திரி நானே எழுதுகிறேன், அது எழுதவே சந்தோஷமான கதை.

23 ஜனவரி, இரவு 10.20

2020 அக்டோபர் 24. ஸ்காட்லாந்தில் இன்வெர்னஸ் கலிடோனியன் திசில் அணிக்கும் ஏர் யுனைடெட் அணிக்கும் கால்பந்து. கொரோனா காலம், மைதானத்துக்குள் ரசிகர்களை விடவில்லை, வீட்டிலிருந்து லைவில்தான் பார்க்க வேண்டும். கேமராமேன்களுக்குப் பதிலாக, பந்தைத் தானே பின்தொடரும் கேமரா. எல்லைக்கோட்டில் கொடி பிடித்து நிற்கும் லைன்ஸ்மேனுக்கு வழுக்கை. வெளிச்சத்தில் அது பளபளத்தது. கேமரா அதைப் பந்து என்று முடிவு பண்ணிவிட்டது. பந்து ஒரு பக்கம் உருள்கிறது, படம் திரும்பத் திரும்ப லைன்ஸ்மேன் தலைக்கே வருகிறது. வர்ணனையாளர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வர்ணனை சொன்னார். ஆட்டம் 1-1.

இப்போது அதே கேமராவைக் கொண்டுவந்து, தைப்பூசம் முடிந்து பழனியிலிருந்து மொட்டை போட்டுத் திரும்பியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு விழாவில் வையுங்கள். சந்தனம் வேறு பூசியிருப்பார்கள். கேமரா எந்தப் பந்தை விடும், எதைப் பிடிக்கும்?

25 ஜனவரி, காலை 6.40

ஒரு திருத்தம். “கேமரா தலையைத் திருப்பிக்கொண்டு லைன்ஸ்மேனைப் பார்த்தது” என்று கீழே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அந்த வகை ஏற்பாட்டில் கேமரா திரும்பாது. அசையாத பல லென்ஸ்கள் மைதானம் முழுவதையும் எடுக்கும், அதை ஒட்டி ஒரே அகலப் படமாக்கி, அதிலிருந்து ஒரு கட்டத்தை வெட்டி வெட்டி வெளியே அனுப்புவார்கள். கேமரா நகர்கிற மாதிரித் தெரிவது அந்தக் கட்டம் நகர்வது.

இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், பந்து அன்றைக்கும் முழு நேரமும் அகலப் படத்துக்குள் இருந்திருக்கிறது. தப்பானது எந்தத் துண்டை வெட்டுவது என்ற முடிவு மட்டும். நேற்று ராத்திரி முழுக்க இது மனதில் ஓடியது. தேவகோட்டைக் கல்யாணத்துக்கு நாம் என்ன பண்ணலாம் என்பதற்கு இதில் ஒரு வழி இருக்கிறது. பிறகு வருகிறேன்.

25 ஜனவரி, இரவு 9.00

சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு இந்தக் கேமரா சரிப்படுமா என்று திருப்பத்தூர்க்காரர் கேட்கிறார்.

வாடிவாசல் வழியாக ஒவ்வொன்றாக வரும் ஜல்லிக்கட்டுக்கே சிரமம். மஞ்சுவிரட்டில் தொழுவிலிருந்து ஒரு பக்கம் மாடு வரும், பொட்டலில் நாலா பக்கமும் கட்டுமாடு அவிழ்ப்பார்கள். எந்த மாட்டைப் பின்தொடர? பந்து ஒன்றுதான், மாடு அப்படியா? எங்கள் பையன்கள் மாட்டைப் பார்ப்பதில்லை, கூட்டத்தைப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் கூட்டம் பிளந்தால் அங்கே மாடு வருகிறது, ஆட்கள் திடீரென்று டிராக்டர் மேல் ஏறினால் நல்ல மாடு வருகிறது.

27 ஜனவரி, இரவு 11.30

மச்சினனின் புதுக் கேள்வி: “மூன்று போதாதென்றால் ஏழு ஏஐ கேமரா வைத்தால்?”

ஏழு என்று அவர் சொன்னது பொருத்தம். 2020 ஜூன் 17, இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லாவும் ஷெஃபீல்டு யுனைடெட்டும் மோதிய கால்பந்து ஆட்டம். பந்து கோட்டைத் தாண்டியதா என்று பார்க்க, ஹாக்-ஐ ஏற்பாட்டில் ஒரு கோலுக்கு ஏழு கேமரா. கோல்கீப்பர் பந்தோடு கோட்டைத் தாண்டியே போய்விட்டார், டிவியில் பார்த்த உலகத்துக்கே தெரிந்தது. ஏழு கேமராவையும் கோல்கீப்பர், இன்னொரு வீரர், கோல் கம்பம் மூன்றும் சேர்ந்து மறைத்துவிட்டன. கோல் என்று நடுவர் கைக்கடிகாரத்துக்கு வர வேண்டிய சிக்னல் வரவில்லை, கோல் இல்லை, ஆட்டம் 0-0. ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டங்களில் இவ்வளவு மறைப்பு வந்ததில்லை என்று அந்தக் கம்பெனியே சொல்லி மன்னிப்புக் கேட்டது.

ஒன்பதாயிரத்தில் ஒரு தடவை அங்கே. இங்கே ஒவ்வொரு திருப்பூட்டிலும், அதாவது தாலி கட்டும்போதும், இது நடக்கும். அந்த நேரம் வந்தால் அத்தை, சித்தி, மாமக்காரர், கையில் போன் வைத்திருக்கும் அத்தனை பேரும் ஓரடி முன்னால் வருவார்கள். ஏழு கேமராவும் முதுகைத்தான் எடுக்கும். எங்கள் பையன் என்ன பண்ணுவான்? “ஆச்சி, கொஞ்சம் தள்ளிக்கங்க, சிங்கப்பூர்ல பாக்குறாக” என்பான். ஆச்சி தள்ளிக்கொள்வார். தள்ளிக்கொள்ளும்போது பையன் வாயில் ஒரு சீடையையும் போடுவார். எந்த மாடலில் இந்த வசதி இருக்கிறது?

2 பிப்ரவரி, இரவு 10.10

கும்பாபிஷேகம் பற்றி ஒரு ஆச்சி கேட்டிருக்கிறார்கள். இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த நேரம் அது.

எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கும்பாபிஷேகம். யாகசாலையிலிருந்து கடம் புறப்பட்டு, மேளத்தோடு சுற்றி வந்து, சிவாச்சாரியார்கள் சாரத்தில் ஏறிக் கோபுரத்தின் மேல் நிற்கிறார்கள். கீழே தலைகளாக நிரம்பியிருக்கிறது. நான்கு கேமரா, ஒரு ட்ரோன். கலசத்தில் தீர்த்தம் ஊற்றப் போகும் நேரம். ஒன்றாம் கேமரா கலசத்தில் டைட். ட்ரோன் வைட். எல்லாம் சரியாக இருக்கிறது. அப்போது பிரிவியூவில், கூட்டத்தை எடுத்துக்கொண்டிருந்த நான்காம் கேமராவில், ஒரு கிழவி கோபுரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு வேறு பக்கம் கையைக் காட்டினார். பக்கத்தில் இருந்தவர் அங்கே திரும்பினார். அவர் பின்னால் இருந்தவரும் திரும்பினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான்காம் கேமராப் பையனுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே கேமராவைத் தூக்கி வெறும் வானத்துக்குக் கொண்டுபோனான். நீலம், நீலம், ஃபோகஸ் தடுமாறுகிறது, பிறகு ஒரு புள்ளி. கருடன். கோபுரத்துக்கு நேர் மேலே சுற்றுகிறது. கட் பண்ணினேன். கருடனிலிருந்து கலசத்துக்கு, கலசத்திலிருந்து கருடனுக்கு. அந்தப் பையனுக்கு அப்போது இருபது வயதுகூட இல்லை.

கும்பாபிஷேகத்தில் கருடன் வரும் என்று காத்திருக்கும் ஊரில் பிறந்தவன் அவன். அந்தக் கை எதற்காக நீள்கிறது என்று அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. முகம் தேடும் கேமரா வெறும் வானத்துக்கு ஏன் போகும்? அங்கே முகம் இல்லை, சத்தம் இல்லை. கூட்டம் அங்கே திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

2 பிப்ரவரி, இரவு 11.45

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒரு கல்லூரித் தம்பி, “கூட்டம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் கணக்குப் போடச் சொல்லித்தரலாம் அண்ணே” என்கிறார். தரலாம் தம்பி. செய்து கொண்டுவாருங்கள், அடுத்த கும்பாபிஷேகத்தில் என் பக்கத்தில் மேசை போட்டு உட்கார வைக்கிறேன். உண்மையாகத்தான் சொல்கிறேன். பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இரணியூர் என்று கோயில் கோயிலாக இருக்கும் ஊரில் பழக்குவதற்குக் காட்சிக்குப் பஞ்சமில்லை.

6 பிப்ரவரி, மாலை 5.30

தலைப்பை விட்டு விலகித்தான் போகிறது, போகட்டும். தானாக முடிவெடுக்கும் யந்திரம் கேமராவில் மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை. யூடியூபில் போய்ச் சேரும் இடத்திலும் உட்கார்ந்திருக்கிறது. மண்டபத்து ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடினால், உரிமை வேறொருவருடையது என்று கண்டுபிடித்து லைவை நிறுத்தி அசையாப் படம் வைத்துவிடும். ரிசப்ஷனில் எனக்கு நடந்திருக்கிறது. தாய்மாமன் மாலை போடும் நேரத்தில் வெளிநாட்டுச் சொந்தமெல்லாம் ஒரு சாம்பல் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் திட்டியது என்னை.

2012 செப்டம்பர் 2 அன்று ஹ்யூகோ விருது விழா யூஸ்ட்ரீம் என்ற தளத்தில் லைவ். அறிவியல் புனைகதைக்கான விருது அது, ரோபோக்களைக் கற்பனை பண்ணியவர்கள் கூடும் சபை. பரிசுக்குப் போட்டியிட்ட தொலைக்காட்சித் தொடர்களின் துண்டுகளை மேடையில் போட்டார்கள், முறையாக அனுமதியோடு. எழுத்தாளர் நீல் கெய்மன் பரிசு வாங்கிப் பேசும்போது, காப்புரிமை பார்க்கும் தானியங்கி லைவையே வெட்டிவிட்டது. அந்தச் சபைக்கு ஒரு ரோபோ இப்படி நேரில் வந்து மரியாதை செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸில் நோத்ர தாம் தேவாலயம் எரிந்ததைச் செய்தி நிறுவனங்கள் லைவ் போட்டன. யூடியூபின் தானியங்கி, அதன் கீழே அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதல் பற்றிய குறிப்பை ஒட்டியது. உயரமான கட்டடம், புகை, தீ. அது சிரிக்கிற விஷயம் இல்லை, ஊரே அழுத நாள். நம் வளவில் ஹோமப் புகை கிளம்பும்போதெல்லாம் எனக்கு அந்தக் குறிப்புப் பெட்டி ஞாபகம் வரும்.

6 பிப்ரவரி, மாலை 6.05

பூனைக் கதையை விட்டுவிட்டேனே என்று எழுதியவருக்கு: 2019 ஜூன், பாகிஸ்தானில் பெஷாவர். மாகாண அமைச்சர் ஷௌகத் யூசுஃப்சாயின் பத்திரிகையாளர் சந்திப்பு ஃபேஸ்புக் லைவ். தானாக முகம் கண்டுபிடிக்கும் பூனை ஃபில்டர் ஆன் ஆகியிருந்தது. அமைச்சருக்குப் பூனைக் காதும் மீசையும் முளைத்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரியையும் விடவில்லை. அன்றைக்கு முகத்தை மிகச் சரியாகப் பிடித்தது என்பதுதான் வேடிக்கை.

9 பிப்ரவரி, இரவு 10.00

சிரிப்புக்கு நடுவில் ஒன்று. வாடகைக் கேமராவை ஓட்டிப் பார்த்தபோது இன்னொன்றும் கவனித்தேன். பட்டாலை இருட்டில், மாநிறத்துக்கும் கறுத்த முகங்களை அது சீக்கிரம் விட்டுவிடுகிறது. பந்தியில் பரிமாறும் ஆட்கள், நாதஸ்வரக்காரர், வாசலில் சந்தனம் கொடுக்கும் அப்பத்தா. மேக்கப் போட்ட பொண்ணு முகத்தில் லைட் இருக்கிறது, அங்கே கெட்டியாக நிற்கிறது.

இதுவும் பழைய கோளாறுதான். 2009 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு கடையில் கூட வேலை பார்க்கும் இரண்டு பேர் வீடியோ போட்டார்கள். எச்.பி. கணினியின் கேமரா, வெள்ளைக்காரப் பெண் நகர்ந்தால் பின்தொடர்கிறது, கறுப்பினத்தவர் வந்து நின்றால் அசையவில்லை. வெளிச்சம் போதாததைக் கம்பெனி காரணமாகச் சொன்னது. 2018-இல் ஜாய் புவோலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று சாப்ட்வேர்களைச் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களிடம் தப்பு அதிகபட்சம் 0.8 சதவீதம். கறுத்த பெண்களிடம் 34.7 சதவீதம் வரை.

கல்யாண வீட்டில் அப்பத்தா முகம் விட்டுப்போனால் அந்த லைவ் எதற்கு? பினாங்கில் இருக்கும் பிள்ளை லைவைத் திறப்பதே அந்த முகத்தைப் பார்க்கத்தான். அதனால் இதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே மாட்டேன். யார் எந்த ஏஐ கேமரா கொண்டுவந்தாலும், முந்தின நாளே வீட்டு இருட்டில், வீட்டு ஆட்களின் முகத்தை வைத்து ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். அவர்கள் ஆபீஸ் வெளிச்சத்தில் எடுத்த டெமோ வேண்டாம்.

13 பிப்ரவரி, இரவு 11.20

கோட்டையூர்ப் பக்கம் நேற்று ஒரு பட்டிமன்றம். சத்தத்தை வைத்து மாறும் சாப்ட்வேரை அங்கே லைவிலேயே விட்டேன். நன்றாக இருந்தது. நடுவருக்கு ஒரு மைக், இரண்டு அணிக்கு இரண்டு மைக், பேசுகிறவர் இடம் மாறுவதில்லை, ஒருவர் பேசும்போது இன்னொருவர் பேசுவதில்லை. முதல் அரைமணி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நியாயமாகச் சொல்ல வேண்டும், இந்த வேலையை அது செய்யட்டும்.

ஒரு இடம் தவிர. 1939-இல் சா. கணேசன் கம்பன் கழகம் ஆரம்பித்த ஊர் காரைக்குடி. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மேடைப் பேச்சு கேட்டுக் கேட்டுக் காது பழுத்திருக்கிறது. பேச்சாளர் ஒரு நகைச்சுவையைக் கிளப்பி, குரலைத் தாழ்த்தி, ஒரு விநாடி நிறுத்துவார். அந்த நிறுத்தத்திலேயே நமக்குத் தெரியும், அடுத்த சொல்லில் சபை வெடிக்கப் போகிறது. அங்கே கூட்டத்துக் கேமராவுக்குப் போனால், முன்வரிசைப் பெரியவர் துண்டால் வாயைப் பொத்திக் குலுங்குவது கிடைக்கும். சாப்ட்வேர் அந்த மௌனத்தில் என்ன பண்ணியது தெரியுமா? பேச்சு நின்றுவிட்டது என்று நினைத்து, எதிரணியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றது. அதன் பிறகு கூட்டத்துக் கேமராவை என் கைக்கு மாற்றிக்கொண்டேன். மீதியை அதுவே பார்த்தது.

14 பிப்ரவரி, காலை 7.00

நேற்றையதன் தொடர்ச்சி. மச்சினன் கேட்ட “லைவைப் பத்து விநாடி தாமதமாக அனுப்பினால் யந்திரத்துக்கு அடுத்து வருவது முன்கூட்டியே தெரிந்துவிடுமே” நல்ல யோசனை, நான் நினைத்ததைவிட நல்ல யோசனை. கெட்டிமேளச் சத்தம் கேட்டதும், பத்து விநாடி பின்னால் போய்த் தாலிக் கேமராவை எடுத்துக்கொள்ளலாம். யூடியூபில் எப்படியும் கொஞ்சம் தாமதம் இருக்கத்தானே செய்கிறது.

ஆனால் நம் ஆட்கள் லைவை மட்டுமா பார்க்கிறார்கள்? சித்தி வாட்ஸாப் காலில் மகளை வைத்துக்கொண்டு வளவில் நிற்பார். போனில் கெட்டிமேளம் கேட்டுவிடும், டிவியில் ஐயர் இன்னும் கையைத் தூக்கியிருக்க மாட்டார். “இங்க வரலியே, இங்க வரலியே” என்று போன் மேல் போன் வரும். இப்போது இருக்கும் தாமதத்துக்கே வருகிறது. மண்டபத்து எல்.இ.டி. திரைக்கும் அந்தப் படம் உதவாது.

14 பிப்ரவரி, இரவு 9.40

தேவகோட்டைக்காரருக்கு முடிவாக. இரண்டு பையன், ஒரு மிக்சிங் ஆள், ஒரு அசையாத 4கே கேமரா. இந்த 4கே கேமராவை வளவின் மூலையில் உயரத்தில் கட்டி, எல்லாம் தெரிகிற மாதிரி வையுங்கள். 4கே படம் 3840க்கு 2160. நாம் லைவ் அனுப்புவது 1920க்கு 1080. நான்கில் ஒரு பங்கை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பினாலும் தெளிவு குறையாது. அந்த வெட்டும் வேலையை ஏஐ பார்க்கட்டும். விருந்தினர் வருவது, மாப்பிள்ளை அழைப்பு, பந்தி, எல்லாவற்றுக்கும் அது தாராளமாகப் போதும். ஏமாந்தாலும் முழுப்படம் பதிவில் இருக்கும், பிறகு எடுத்துக்கொள்ளலாம். சடங்குக்கும் திருப்பூட்டுக்கும் பையன்கள் இருவரும் கேமராவில், கட் பொத்தான் ஆள் கையில். இப்படி வந்தால் ஆள் குறைகிறது, தொகையும் குறையும். அந்த வெளியூர்ப் பார்ட்டி கேட்ட அளவுக்குக் குறையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சடங்குகளை வரிசையாக எழுதிய முறைச்சிட்டையின் நகல் ஒன்றை, மிக்சிங் ஆள் யாராக இருந்தாலும் அவர் கையில் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். எதற்குப் பின் எது என்று ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும்.

9 மார்ச், இரவு 11.55

தேவகோட்டைக் கல்யாணம் நடந்தது, வேலை எனக்கே வந்தது, நன்றாக முடிந்தது. திருப்பூட்டில் கழுத்துரு என்கிற தாலி கையிலிருந்து கழுத்துக்குப் போவது முழுசாகக் கிடைத்தது, ஒரு தலைகூடக் குறுக்கே இல்லை, இரண்டாம் கேமராப் பையன் முன்கூட்டியே நான்கு அத்தைமாரிடம் பேசி வைத்திருந்தான். 4கே கேமராவும் சொன்ன வேலையைச் செய்தது. பந்தியில் மட்டும், சாம்பார் வாளிக்காரர்தான் எல்லாரையும்விட வேகமாக நடமாடினார் என்பதால் அவரைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனது. அதை நான் தடுக்கவில்லை. அவர் போகிற இலையெல்லாம் படத்தில் வந்தது, சிங்கப்பூரில் இருந்தவர்கள் யார் யார் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று பெயர் சொல்லி எண்ணிக்கொண்டிருந்தார்கள். மச்சினன் இதை ஏஐயின் வெற்றி என்கிறார். பந்தியைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன்.

10 மார்ச், காலை 8.10

மச்சினனுக்கு: முழு 4கே பதிவு வேண்டும் என்றால் பென்டிரைவ் அனுப்பாதீர்கள். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு பண்ணினது, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி வரும், காலை நாலரையிலிருந்து ஓடியிருக்கிறது. ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, புதுசாக ஃபார்மட் பண்ணி, கடைக்குக் கொண்டுவாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இருப்பேன்.